மழையில் நனைந்த மாட்சுவே

நவம்பர் 18, திங்கள்

ஒகயாமா நிலையத்தில் ரயில் ஏறியபோது வானத்தில் மேகத்தின் சுவடே இல்லை. அங்கிருந்து வடக்கே மலைகளைக் குறுக்காகக் கடந்து ஜப்பான் கடல் பக்கம் இறங்க இரண்டரை மணி நேரம் ஆகிறது. வழியில் ஏதோ ஒரு சுரங்கத்துக்குள் வெயிலோடு நுழைந்தோம், மறுமுனையில் தூறலோடு வெளியே வந்தோம். அதன் பிறகு ஊர் சேரும் வரை வெயில் தலைகாட்டவே இல்லை. குளிர்காலம் நெருங்கும்போது கடலிலிருந்து எழும் ஈரக்காற்று மலையில் முட்டி இந்தப் பக்கத்திலேயே மழையைக் கொட்டிவிடுகிறது என்று அக்கா மகன் விளக்கினான். அவன் ஒசாகாவில் வேலை பார்ப்பவன். அவனுக்கு மொழி தெரியும் என்பதற்காகவே வற்புறுத்தி விடுப்பு எடுக்கவைத்து உடன் அழைத்து வந்திருந்தேன்.

மாட்சுவே ஷிமானே மாநிலத்தின் தலைநகரம். மக்கள் தொகை ஏறக்குறைய 2 லட்சம். நம் ஊர்க் கணக்கில் நடுத்தர நகரம்தான் என்றாலும், மாலை ஆறு மணிக்கே கடைத்தெருவில் ஆள் நடமாட்டம் அடங்கிவிடுவதால் அதைவிடச் சிறியதாகத் தெரிகிறது. மேற்கே ஷின்ஜி ஏரி, கிழக்கே நாகாஉமி என்னும் உப்பங்கழி, இரண்டையும் இணைத்து ஊரின் நடுவே ஓடும் ஒஹாஷி ஆறு என்று எந்தத் தெருவில் திரும்பினாலும் தண்ணீர் எதிர்ப்படுகிறது. ரயில் நிலையம் ஆற்றுக்குத் தெற்கே இருக்கிறது, கோட்டை வடக்கே இருக்கிறது. விடுதியின் வரவேற்பு மேசையில் இருந்த அம்மையார் நாங்கள் கேட்பதற்கு முன்பே இரண்டு குடைகளை எடுத்து நீட்டி, மதியச் சாப்பாட்டை மறந்தாலும் குடையை மறக்காதே என்பது இந்தப் பக்கத்துப் பழமொழி என்றார். ஊரின் பெருமையாகவே அதைச் சொன்னது போல இருந்தது.

இரவு உணவுக்கு ஆற்றங்கரையில் இருந்த எட்டு பேர் மட்டுமே உட்காரக்கூடிய ஒரு கடைக்குப் போனோம். ஷின்ஜி ஏரிக்கு ஏழு சுவைகள் என்று ஒரு பட்டியல் உண்டு. கொடுவாயை ஒத்த சுசுகி மீன், இறால், விலாங்கு, கெண்டை, இரண்டு வகைப் பொடி மீன்கள், கடைசியாக ஷிஜிமி என்னும் கறுப்பு மட்டி. எல்லாம் எல்லாப் பருவத்திலும் கிடைப்பதில்லை. சுசுகி மீனைக் கனத்த காகிதத்தில் சுற்றிச் சுடும் பண்டம் இந்த ஊரின் அடையாளம். மீனவர்கள் சாம்பலில் புதைத்துச் சுட்ட மீனை ஊர்த் தலைவரான பிரபு ஆசைப்பட்டுக் கேட்க, சாம்பலோடு அவருக்குக் கொடுப்பது மரியாதையாகாது என்று அவர்கள் ஈரக் காகிதத்தில் சுற்றிச் சுட்டுக் கொடுத்தார்களாம். அதை முன்கூட்டியே சொல்லி வைத்தால்தான் செய்வோம் என்று கடைக்காரர் கைகூப்பாத குறையாக வருந்தினார்.

ஆகவே மட்டிக் குழம்பும் சோறும் பொரித்த பொடி மீனும் சேர்ந்த 1,400 யென் சாப்பாட்டை வாங்கிக்கொண்டோம். ஆயிரம் யென் என்பது அப்போது நம் பணத்தில் அறுநூறு ரூபாய்க்குச் சற்றுக் குறைவு. மிசோ என்னும் புளித்த சோயா விழுதைக் கரைத்த அந்தச் சாற்றின் அடியில் கட்டைவிரல் நகத்தளவே இருக்கும் மட்டிகள் முப்பதுக்கு மேல் கிடந்தன. ஓட்டின் நிறம் கறுப்பு என்றாலும், வெளிச்சத்தில் திருப்பினால் உள்ளே ஊதா மினுங்கியது. சதையைத் தின்பதா, சாற்றைக் குடித்துவிட்டு ஓட்டோடு விட்டுவிடுவதா என்று தெரியாமல் பக்கத்து இருக்கைப் பெரியவரைப் பார்த்தேன். அவர் ஒன்றுவிடாமல் எடுத்துத் தின்று, வெற்று ஓடுகளைக் கிண்ண மூடியில் வட்டமாக அடுக்கிக்கொண்டிருந்தார். நானும் அவ்வாறே செய்தேன், அரை மணி நேரம் ஆனது. நவம்பர் 6 முதல் நண்டுப் பருவம் தொடங்கிவிட்டது என்று சுவரில் எழுதியிருந்தார்கள். ஒரு நண்டின் விலை 18,000 யென் என்று அதன் கீழே எழுதியிருந்ததைப் படித்ததும் பேச்சை மாற்றிவிட்டோம்.

நவம்பர் 19, செவ்வாய்

காலை ஒன்பது மணிக்குக் கோட்டை வாசலில் நின்றபோது மழை வலுத்திருந்தது. ஜப்பானியக் கோட்டை என்றதும் வெள்ளைச் சுவர்களையே படங்களில் பார்த்துப் பழகிய கண்ணுக்கு மாட்சுவே கோட்டை ஒரு வகை அதிர்ச்சி. சுவரின் பெரும்பகுதியைக் கறுப்புச் சாயம் பூசிய மரப் பலகைகள் மூடியிருக்கின்றன, அலங்காரம் மிகக் குறைவு. மழையில் நனைந்த பிறகு அந்தக் கறுப்பு இன்னும் அடர்ந்து, வந்தவர்களை வரவேற்கும் எண்ணமே இல்லாத கட்டடமாக நின்றது. எனக்கு அது பிடித்திருந்தது. போருக்குக் கட்டியதைப் போருக்குக் கட்டியது போலவே விட்டுவைத்திருக்கிறார்கள்.

ஹோரியோ யோஷிஹாரு என்னும் பிரபு முதலில் கிழக்கே காஸ்ஸான் தோதா என்ற மலைக்கோட்டையில் இருந்தவர். ஊர் வளர அங்கே இடமில்லை என்பதாலும், ஏரியும் ஆறும் சரக்குப் போக்குவரத்துக்கு உதவும் என்பதாலும் 1607இல் இந்தச் சதுப்பு நிலத்தின் குன்றைத் தேர்ந்தெடுத்தார். குன்றை வெட்டி அகழி தோண்டி, தோண்டிய மண்ணால் சதுப்பை மேடாக்கி ஊரை உண்டாக்கினார்கள். 1611இல் கோட்டை முடிந்தது, அதைக் கட்டத் தொடங்கியவர் அதே ஆண்டில் இறந்தார். 1638இல், அன்று ஜப்பான் முழுவதையும் ஆண்ட தொகுகாவா மரபை நிறுவிய இயேயாசுவின் பேரனான மாட்சுதைரா நாவோமாசா வந்த பிறகு, பிரபுக்களின் ஆட்சி முடியும் வரை ஊர் அந்தக் குடும்பத்தின் கையில் இருந்தது.

உள்ளே செருப்பு, ஷூ எதற்கும் இடமில்லை. ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டுக் கையில் பிடித்துக்கொள்ள வேண்டும். ஈரமான காலுறையோடு நானூறு ஆண்டுப் பழைய பலகைத் தரையில் நடக்கும்போது ஏறிய குளிர் மதியம் வரை இறங்கவில்லை. தரைக்குக் கீழ் அறையில் ஒரு கிணறு இருக்கிறது. முற்றுகையில் தண்ணீருக்குத் தவிக்கக் கூடாது என்று கோபுரத்துக்குள்ளேயே தோண்டியிருக்கிறார்கள். தூண்கள் பல, ஒரே மரமாக இல்லாமல், சுற்றிலும் பலகை வைத்து இரும்புப் பட்டையாலும் கொக்கியாலும் இறுக்கப்பட்டவை. பருத்த நெடுமரம் கிடைக்காத இடத்தில் தச்சர்கள் கண்ட வழி அது என்கிறார்கள். ஒரு தூணில் கை வைத்துப் பார்த்தேன். பட்டையின் விளிம்பு தேய்ந்து வழுவழுவென்று இருந்தது, பலகைக்கும் மையத்துக்கும் இடையில் என் விரல் நுனி நுழையும் அளவுக்கு இடைவெளி விட்டிருந்தது. மாடிப் படிகள் இலேசான பவுலோனியா மரத்தால் ஆனவை. எதிரி உள்ளே வந்தால் படியையே மேலே இழுத்துவிடலாம் என்பது கணக்கு. அவை செங்குத்தாக இருந்ததால், கையில் ஷூ பையோடு ஏறுவது எதிரிக்கு மட்டுமல்ல, எனக்கும் சிரமமாகத்தான் இருந்தது.

மேல்தளத்தில் நான்கு பக்கமும் திறப்பு. தெற்கே பார்த்தால் கூரைகளுக்கு அப்பால் ஏரி தெரிய வேண்டும். எனக்குத் தெரிந்தது சாம்பல் நிறம் மட்டுமே.

இறங்கும் வழியில் படித்த ஒரு செய்தி நாள் முழுவதும் மனத்தில் ஓடிக்கொண்டிருந்தது. 1875இல், பிரபுக்களின் ஆட்சிக்குப் பின் வந்த மெய்ஜி அரசு நாடெங்கும் கோட்டைகளைக் கழித்துக்கட்டியபோது இந்த வளாகத்தின் கட்டடங்களும் ஏலத்துக்கு வந்தன. தலைமைக் கோபுரத்துக்கு விழுந்த விலை 180 யென். பழைய சாமுராய் குடும்பத்தைச் சேர்ந்த தகாகி கொன்பாச்சியும், கட்சுபே மோதோஎமோன் என்ற செல்வந்தரான உழவரும் முன்வந்து அந்தப் பணத்துக்கு ஈடான தொகையைக் கட்டிக் கோபுரத்தை மட்டும் மீட்டார்கள். சுற்றி இருந்த மற்றவை இடிக்கப்பட்டன. ஜப்பானில் இன்று பழைய மரத்தோடு நிற்கும் கோட்டைக் கோபுரங்கள் பன்னிரண்டு, அவற்றில் தேசியப் பொக்கிஷம் என்ற தகுதி பெற்றவை ஐந்து. மாட்சுவேக்கு அந்தத் தகுதி 2015இல்தான் கிடைத்தது. கட்டி முடித்த ஆண்டுக்குச் சான்று வேண்டும் என்று காத்திருந்தபோது, 2012இல் கோட்டை வளாகத்துக் கோயில் ஒன்றில் 1611ஆம் ஆண்டு குறித்த வேண்டுதல் பலகைகள் இரண்டு கிடைத்தன. அவற்றின் ஆணித் துளைகள் கீழ்த்தளத் தூண்களில் இருந்த துளைகளோடு பொருந்தின. ஆணித் துளை ஒன்று ஒரு கோட்டைக்கு வயதுச் சான்றிதழ் கொடுத்தது எனக்கு வேடிக்கையாகவும் இருந்தது, நியாயமாகவும் பட்டது.

மதியம் அகழிப் படகு. ஏறக்குறைய 3.7 கிலோமீட்டர், ஐம்பது நிமிடம். குளிர்காலம் தொடங்கிவிட்டதால் படகின் நடுவே சூடேற்றிய தாழ்வான மேசை போட்டு மெத்தைப் போர்வை விரித்திருந்தார்கள். கொதாட்சு என்னும் அந்த ஏற்பாட்டுக்குள் காலை நுழைத்ததும்தான் காலுறைகள் உலரத் தொடங்கின. சில பாலங்கள் மிகத் தாழ்வானவை என்பதால் படகோட்டி கூரையையே கீழே இறக்குகிறார். அப்போது பயணிகள் எல்லாரும் மேசை மேல் கவிழ்ந்து படுக்க வேண்டும். புறப்படும் முன்பே அவர் ஒரு ஒத்திகை நடத்தினார். எழுபது வயதிருக்கும் அவர் பாலத்துக்கு அடியில் எதிரொலி நன்றாக வருகிறது என்று சொல்லி ஒரு நாட்டுப்பாடலும் பாடினார். எதிரே இருந்த ஹிரோஷிமா தம்பதி எங்களைக் கேட்காமலேயே ஆளுக்கு இரண்டு ஆரஞ்சுகளை மேசையில் உருட்டிவிட்டார்கள். தோலை எங்கே போடுவது என்று நான் தடுமாறியதைப் பார்த்த அந்த அம்மாள் தன் கைப்பையிலிருந்து ஒரு சிறு பையை எடுத்துப் பிரித்து நடுவில் வைத்தார். கோட்டையின் கல்சுவர் சரிந்துகொண்டே இருந்ததால் ஊரில் நன்றாக நடனமாடும் பெண்ணைப் பிடித்து அடித்தளத்தில் புதைத்தார்கள் என்றும், பிறகு பெண்கள் ஆடும்போதெல்லாம் கோட்டை குலுங்கியதால் இந்த ஊரில் முன்னோரை நினைத்துக் கொண்டாடும் போன் என்னும் திருவிழாவின் நடனமே தடைசெய்யப்பட்டது என்றும் படகோட்டி கதை சொன்னார். நரபலிக் கதை இல்லாத கோட்டை எந்த நாட்டிலும் இல்லை போலும்.

ஷின்ஜி ஏரியின் அந்தியைப் பார்க்கத்தான் இந்த ஊருக்கே பலர் வருகிறார்கள். கரையிலுள்ள ஷிமானே கலை அருங்காட்சியகத்தின் மேற்குச் சுவர் முழுவதும் அதற்காகவே கண்ணாடி. செவ்வாய்க்கிழமை அருங்காட்சியகத்துக்கு விடுமுறை, வானத்துக்கும் விடுமுறை. ஐந்து மணிக்குச் சூரியன் எந்தத் திசையில் மறைந்தது என்றுகூடச் சொல்ல முடியவில்லை. ஆனால் வெளிப் புல்வெளியில் ஏரியை நோக்கித் தாவி ஓடும் பன்னிரண்டு வெண்கல முயல்கள் வரிசையாக நனைந்துகொண்டிருந்தன. முன்னிருந்து இரண்டாவது முயலை மேற்கே பார்த்துத் தொட்டால் நல்லது நடக்கும் என்று நம்பிக்கை. அதன் தலை மட்டும் பளபளப்பாக இருக்க, காலடியில் மட்டி ஓடுகளைக் காணிக்கையாகக் குவித்திருந்தார்கள். அக்கா மகன் தொட்டான். “எதற்கும் நீங்களும் தொட்டுவிடுங்கள், மாமா” என்றான். தொட்டேன்.

எதிரே இருநூறு மீட்டர் தொலைவில், பைன் மரங்களோடு யோமெகாஷிமா என்ற சிறு தீவு தெரிந்தது. அதிலுள்ள சிறு கோயிலின் தெய்வம் பென்சைதென். பௌத்தத்தோடு சீனம் வழியாக ஜப்பானுக்கு வந்து, வீணைக்குப் பதில் பிவா என்னும் வாத்தியத்தை ஏந்திய நம் சரஸ்வதிதான் அவர். மழையில் நின்றுகொண்டு அங்கிருந்தே ஒரு கும்பிடு போட்டேன்.

நவம்பர் 20, புதன்

எழுந்தபோது தூறல். வடக்கு அகழியை ஒட்டிய ஷியோமி நவாதே தெருவில் பழைய சாமுராய் வீடுகளின் மதில்கள், பைன் மரங்கள், எதிரே நீர். எழுத்தாளர் லஃப்காடியோ ஹெர்ன் வாழ்ந்த வீடு அங்கேதான் இருக்கிறது. கிரேக்கத் தீவில் 1850இல் பிறந்து, அயர்லாந்தில் வளர்ந்து, அமெரிக்காவில் பத்திரிகையாளராக இருந்தவர் 1890இல் ஆங்கில ஆசிரியராக மாட்சுவேக்கு வந்தார். இந்த ஊர்ப் பெண்ணான செட்சுவை மணந்து, 1896இல் ஜப்பானியக் குடிமகனாகிக் கொய்சுமி யாகுமோ என்று பெயர் மாற்றிக்கொண்டார். இந்த வீட்டில் அவர் இருந்தது 1891இல் சில மாதங்கள்தான். மாட்சுவேயில் மொத்தம் ஒன்றேகால் ஆண்டு. இங்கத்திய குளிர் தாங்காததும் அவர் தெற்கே குமமோத்தோவுக்குப் போனதற்கு ஒரு காரணம். ஈரக் காலுறையோடு முந்தைய நாளைக் கழித்த எனக்கு அதில் வியப்பு ஏதுமில்லை.

மூன்று பக்கமும் தோட்டம் தெரியும் ஓர் அறையில் சும்மா உட்கார அனுமதிக்கிறார்கள். பக்கத்து நினைவகத்தில் அவருடைய எழுத்து மேசை இருக்கிறது. ஒரு கண் பார்வை போய், மறு கண்ணும் மங்கலாக இருந்ததால், காகிதம் முகத்துக்கு அருகில் வரும்படி அதை மிக உயரமாகச் செய்துகொண்டார். மேசையில் ஒரு சங்கும் உண்டு. புகைக்குழாய்க்கு நெருப்பு வேண்டும்போது அவர் அதை ஊதி வீட்டாரை அழைப்பாராம்.

மதியம் சோபா என்னும் நூடுல்ஸ். இந்தப் பகுதியில் பக்வீட் என்ற தானியத்தின் மணியை உமியோடு சேர்த்து அரைப்பதால் நூடுல்ஸ் நம் கேழ்வரகுச் சேமியாவைப் போலக் கருத்து, கடிக்கும்போது சற்றே நறநறக்கிறது. வாரிகோ என்ற முறையில் மூன்று வட்டப் பெட்டிகளை ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கித் தருகிறார்கள். சாற்றை முதல் பெட்டியில் ஊற்றிச் சாப்பிட்டு, மிஞ்சிய சாற்றை அடுத்ததில் கவிழ்த்து, அப்படியே மூன்றாவது வரை போக வேண்டும். தொட்டுக்கொள்ள முள்ளங்கித் துருவல், வெங்காயத் தாள், கடற்பாசி. விலை 1,000 யென். சைவர்களுக்கு ஒரு வார்த்தை: பார்வைக்கு மரக்கறியாகத் தெரிந்தாலும் அந்தச் சாறு காய்ந்த மீனில் இறக்கியது.

வெளியே வந்தால் வாசல் கூடையில் என் குடையைக் காணவில்லை. எல்லாம் ஒரே மாதிரியான ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் குடைகள், யாரோ தவறுதலாக எடுத்துப் போயிருக்க வேண்டும். அது விடுதிக் குடை என்பதால் சற்றுக் கலங்கினேன். கடைக்காரப் பாட்டி நிகழ்ந்ததைக் கேட்டதும், குற்றம் தன்னுடையது போல நான்கைந்து முறை குனிந்து மன்னிப்புக் கேட்டார். பிறகு உள்ளே போய், வாடிக்கையாளர்கள் மறந்துவிட்டுப் போன குடைகள் ஒரு கட்டு கொண்டுவந்து, ஒவ்வொன்றாக விரித்துக் கம்பி சரியாக இருக்கிறதா என்று பார்த்து, மிக நல்லதைக் கொடுத்தார். விடுதியில் விஷயத்தைச் சொன்னபோது, அந்தக் குடையே தங்களுடையதைவிட நன்றாக இருக்கிறது என்று சிரித்து வாங்கிக்கொண்டார்கள். குடைகள் இந்த ஊரில் பொதுச் சொத்து என்று தோன்றுகிறது.

பிற்பகல் குன்றின் மேலுள்ள மெய்மெயான் தேநீர்க் குடிலுக்குப் போனோம். மாட்சுதைரா மரபின் ஏழாம் பிரபுவும் தேநீர்க் கலையில் ஆழ்ந்தவருமான ஃபுமாயின் விருப்பப்படி 1779இல் அமைக்கப்பட்ட ஓலைக்கூரைக் குடில் அது. பச்சைத் தேயிலைத் தூளை நுரைக்க அடித்த தேநீரோடு இரண்டு இனிப்புகள் தந்தார்கள். வாகாகுசா என்பது பிசைந்த அரிசி மாவுக் கட்டியைப் பச்சை நிறப் பொடியில் புரட்டியது. கடித்ததும் பல்லில் சற்று ஒட்டி, கரைந்து போகிறது. தேநீரின் கசப்பு இல்லாவிட்டால் அந்த இனிப்பைத் தாங்க முடியாது. கியோட்டோ, கானாசாவாவோடு சேர்த்து இனிப்புக்குப் பெயர்பெற்ற மூன்று ஊர்களில் மாட்சுவேயும் ஒன்று. காலையும் பிற்பகலும் வீட்டிலேயே இந்தத் தேநீரை அடித்துக் குடிக்கும் பழக்கம் இங்கே சாதாரண மக்களிடமும் இருக்கிறது. நாங்கள் தரையில் எப்படி உட்காருவது என்று விழித்தபோது, பரிமாறிய பெண்மணி வசதிப்படி சம்மணமிட்டுக்கொள்ளலாம் என்றார். சம்மணமிடுவது எங்களுக்கு வசதி என்பதில் அவருக்குத்தான் வியப்பு.

மாலை மீண்டும் ஏரிக்கரை, மீண்டும் மழை. காற்று வேறு சேர்ந்துகொண்டு புதிய குடையை மேல்நோக்கி மடக்கியது.

நவம்பர் 21, வியாழன்

ஆறு மணிக்கே எழுந்து கரைக்குப் போனோம். முந்தைய நாள் புதன்கிழமை மட்டி பிடிப்பவர்களுக்கு ஓய்வுநாள் என்பதால் ஏரி வெறிச்சோடி இருந்தது. இன்று விடியும் முன்பே சிறு படகுகள் பரவியிருந்தன. வானம் ஒருவழியாக வெளுத்து, கிழக்கே நகரத்துக்குப் பின்னால் மஞ்சள் எட்டிப்பார்த்தது. சில படகுகள் மெல்ல நகர, சிலவற்றில் ஒருவர் நின்றுகொண்டு தன்னைவிட மூன்று மடங்கு நீளமான கம்பை இடுப்பில் சாய்த்து இழுத்துக்கொண்டிருந்தார். கம்பின் நுனியில் ஜோரென் என்னும் பல் வைத்த இரும்புக் கூடை. அது அடிமண்ணைக் கிளற, சிறு மட்டிகள் கம்பி இடைவெளியில் நழுவி மீண்டும் ஏரிக்கே போய்விடுகின்றன. இன்ன நாள், இன்ன நேரம், ஆளுக்கு இவ்வளவு என்ற வரம்பை மீனவர் கூட்டுறவு வகுத்திருக்கிறது.

கரையில் நாயோடு நடந்த ஒரு பெரியவர் அக்கா மகனின் ஜப்பானிய மொழியைப் பாராட்டிவிட்டு, அரை மணி நேரம் ஏரியைப் பற்றிப் பேசினார். ஷின்ஜி ஏரியின் பரப்பு 79 சதுர கிலோமீட்டர், சராசரி ஆழம் நாலரை மீட்டர்தான். நீரின் உப்பு கடலில் இருப்பதில் பத்தில் ஒரு பங்கு. கடல்நீர் நாகாஉமி வழியாகவும் ஒஹாஷி ஆறு வழியாகவும் ஏறி வருவதால்தான் இந்த உப்பு, இந்த உப்பினால்தான் மட்டி. 1963இல் நாகாஉமியின் ஒரு பகுதியைத் தூர்த்து வயலாக்கி, கடலை மதகால் அடைத்து, இரண்டு நீர்நிலைகளையும் நன்னீராக மாற்றும் அரசுத் திட்டம் தொடங்கியது. மதகு கட்டி முடிந்தும்விட்டது. மீனவர்களும் ஊர்மக்களும் எதிர்த்துக் கையெழுத்துத் திரட்டிப் போராடிய பிறகு 1988இல் நன்னீராக்கம் ஒத்திவைக்கப்பட்டு, 2002இல் முழுவதுமாகக் கைவிடப்பட்டது. 2005இல் இரண்டும் உலக அளவில் காக்க வேண்டிய ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்ந்தன. மதகை மூடியிருந்தால் காலை மிசோவில் போட எதுவும் இருந்திருக்காது என்று சொல்லி அவர் படகுகளைக் கைகாட்டினார். செவ்வாய்க்கிழமை கோட்டையில் படித்த 180 யென் கணக்குக்கு அடுத்த பக்கத்தில் இதையும் எழுதி வைத்துக்கொண்டேன். மேலிருந்து வந்த உத்தரவை உள்ளூர்க்காரர்கள் ஏற்காததால்தான் இந்த ஊரில் கோபுரமும் நிற்கிறது, மட்டியும் கிடைக்கிறது.

பத்து மணிக்கு வெயில் பளிச்சென்று அடித்தது. மாலை அந்தி அபாரமாக இருக்கும் என்று விடுதி அம்மையார் ஆறுதலாகச் சொன்னபோது எங்கள் ரயில் பகல் ஒரு மணிக்கு என்பதை அவரும் அறிவார். நிலையத்துக்குப் போகும் வழியில் மட்டிக் கடையில் நிறுத்தினோம். பெரிதும் சிறிதுமாக அளவு பிரித்துத் தட்டுகளில் வைத்திருந்தார்கள், பெரியவற்றுக்கு விலை ஏறக்குறைய இரட்டிப்பு. அக்கா மகன் ஒரு கிலோ வாங்கினான். கடைக்காரர் பனிக்கட்டிப் பொதியோடு கட்டியதோடு நில்லாமல், ஒரு லிட்டர் தண்ணீருக்குப் பத்து கிராம் உப்பு என்று காகிதத்தில் எழுதி, மூன்று மணி நேரம் அதில் போட்டு மணலைக் கக்கவிட வேண்டும், வெறும் தண்ணீரில் போட்டால் சுவை போய்விடும் என்று இரண்டு முறை சொல்லி, அவன் திருப்பிச் சொன்ன பிறகே பணத்தை வாங்கிக்கொண்டார். எனக்கு விமானத்தில் கொண்டுவரத் தோதாக, அவித்துப் பொதியாக்கிய மட்டிச் சாறு மூன்று, வாகாகுசா ஒரு பெட்டி. அந்த இனிப்பைச் சில நாட்களுக்குள் தின்றுவிட வேண்டும் என்பதால் பாதி ஒகயாமா வருவதற்குள் தீர்ந்தது.

ஒசாகாவிலிருந்து அக்கா மகன் மறுநாள் இரவு செய்தி அனுப்பியிருந்தான். மிசோ தீர்ந்து போயிருந்ததால் மட்டியை அக்கா கொடுத்தனுப்பிய ரசப்பொடியில் வேகவைத்திருக்கிறான். மிளகு சற்றுக் கூடிவிட்டதாம், மற்றபடி குறையில்லையாம்.